மஞ்சள் பையும் நாமும்

காலையில் எழுந்ததும், வாசல் தெளிப்பதற்கு முன்பே, நம் வீடுகளில் நடக்கும் முதல் வேலை குப்பை கூட்டுவதாகும். கூட்டிய குப்பையை வெளியே தள்ளிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். நம் பாட்டிமார் காலத்தில் அந்த எண்ணத்தில் பெரிய குற்றம் இல்லை. காய்கறித் தோலும் சருகும் சாம்பலும் சாணமும் கொல்லையில் இருந்த எருக்குழிக்குப் போயின. அடுத்த விதைப்புக்குள் அவை மக்கி உரமாகி வயலுக்குச் சென்றன. இன்று நாம் தள்ளும் குப்பையில் ஒரு பகுதி மக்குவதே இல்லை. அது தெருவோரத்தில் கிடக்கும், அல்லது சாக்கடையை அடைக்கும், அல்லது ஊர்க்கோடியில் மலையாகக் குவியும்.

இதைக் குறைப்பதற்காக எத்தனையோ இயக்கங்கள் தொடங்கப்படுகின்றன. ஊர்வலம் நடக்கிறது, உறுதிமொழி எடுக்கிறோம், மறுநாள் கடைவீதி பழையபடியே இருக்கிறது. ஆயினும் சில இயக்கங்கள் நிலைத்து நிற்கின்றன. கடைக்காரரும் வாங்குபவரும் ஊராரும் சேர்ந்து நடத்தும் ஓர் இயக்கம் எதனால் நிலைக்கிறது, எங்கே தளர்கிறது? நம் தமிழ்நாட்டின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் இதைக் காண்போம்.

பையின் கதை

மஞ்சள் பையை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. பருத்தித் துணியில் தைத்து மஞ்சள் நிறம் ஏற்றிய, இரண்டு கைப்பிடிகள் கொண்ட எளிய பை அது. திருமண வீடுகளில் தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம் வைத்துத் தாம்பூலப் பையாகக் கொடுப்பார்கள். மணமக்களின் பெயர் அதில் அச்சிடப்பட்டிருக்கும். ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் தங்கள் பெயரைப் பொறித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தன. கடைக்கு அது விளம்பரம். வீட்டுக்கு அது பல ஆண்டுகள் உழைக்கும் பை. காய்கறி வாங்கவும், பத்திரங்களைப் பத்திரப்படுத்தவும், வெளியூர் செல்லும்போது மாற்றுடை வைக்கவும் அதே பைதான் உதவிற்று.

பின்னர் 1980களிலும் 1990களிலும் மெல்லிய பிளாஸ்டிக் பைகள் நம் கடைகளில் பரவின. அவை நனைவதில்லை, கனப்பதில்லை, மிக மலிவு. ஆகவே கடைக்காரர்கள் இனாமாகவே கொடுத்தார்கள். கையை வீசிக்கொண்டு கடைக்குப் போவது நாகரிகம் ஆயிற்று. மஞ்சள் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்குபவரைப் பட்டிக்காட்டார் என்று கேலி பேசும் வழக்கமும் வந்து சேர்ந்தது.

இனாமாக வந்த பை உண்மையில் இனாமாக இல்லை. அதன் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். மழைக்காலத்தில் சாக்கடை அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த குடும்பங்கள் கொடுத்தன. கைகளால் அந்த அடைப்பை எடுத்த தொழிலாளர்கள் கொடுத்தார்கள். வாயில்லா ஜீவன்களும் கொடுத்தன. மீந்த சோற்றைப் பையில் முடிந்து எறிகிறோம். பசு சோற்றைத் தேடிப் பையோடு விழுங்குகிறது. சோறு செரித்துவிடும், பை செரிக்காது, வெளியேறவும் செய்யாது. அது முதல் இரைப்பையில் சேர்ந்து சேர்ந்து பந்துபோல் ஆகிவிடுகிறது. வயிறு நிறைந்தது போலிருப்பதால் பசு தீனி எடுப்பதைக் குறைத்து, நாளடைவில் மெலிந்து சாகிறது. தீயிட்டுக் கொளுத்தினாலோ, அந்தப் புகை நம் நுரையீரலுக்கே வருகிறது.

சட்டம் வந்தது

நம் மாநிலத்தில் இதற்கு முன்னோடி நீலகிரி மாவட்டம். 2000ஆம் ஆண்டு வாக்கில் அங்கு ஆட்சியராக இருந்த திருமதி சுப்ரியா சாகு, சுற்றுலாப் பயணிகள் எறியும் பிளாஸ்டிக்கால் மலை பாழாவதைக் கண்டு, மக்களைச் சேர்த்துக்கொண்டு அதற்கு எதிராக ஓர் இயக்கம் நடத்தினார். ஒரு மலை மாவட்டத்தால் முடியும் என்றால் மாநிலம் முழுவதாலும் முடியாதா என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது எனலாம். பிற்காலத்தில் அவரே மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் செயலாளர் ஆனார். 2025ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு, ‘புவியின் சாதனையாளர்’ என்னும் விருதை அவருக்கு அளித்தது. பெண்களாகிய நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி இது.

மாநிலம் முழுவதற்குமான தடை, 2018 ஜூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பொருள்கள் தடை செய்யப்பட்டன. கைப்பைகள், உணவு கட்டும் தாள்கள், உறிஞ்சுகுழல்கள், தண்ணீர்ப் பாக்கெட்டுகள், தெர்மாகோல் தட்டுகள், பிளாஸ்டிக் கொடிகள் ஆகியவை அவற்றுள் சில. கடைகள் வியாபாரத்தை மாற்றிக்கொள்வதற்கு அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையில் ஏறக்குறைய ஏழு மாதங்கள் இருந்தன.

இந்தப் பட்டியலில் காகிதக் கோப்பை ஏன் இடம்பெற்றது என்று பலர் வியக்கிறார்கள். தேநீர் ஊற்றினால் சாதாரணக் காகிதம் ஊறிக் கிழிந்துவிடும். கோப்பையின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால்தான் அது தாங்குகிறது. அந்தப் பூச்சைக் காகிதத்திலிருந்து பிரித்தெடுப்பது எளிதன்று. கோப்பை தயாரிப்பாளர்கள் தொடுத்த வழக்கில், இத்தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. துணிபோலவே தோன்றும் நெய்யாத பைகளும் பட்டியலில் உண்டு. அவை பஞ்சு நூலால் ஆனவையல்ல. பிளாஸ்டிக் இழைகளை ஒட்ட வைத்து அழுத்தியவை. இவற்றைப் பற்றி மட்டும் மறுபடி ஆராயுமாறு நீதிமன்றம் அரசுக்குக் கூறியது. ஆகவே தோற்றத்தைப் பார்த்து ஏமாறலாகாது. நூல் நூலாக நெய்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எவரும் கண்டுகொள்ளலாம்.

தடை வந்த புதிதில் மாறுதல் நன்றாகவே தெரிந்தது. ஓட்டல்களில் வாழையிலைப் பொட்டலம் திரும்பி வந்தது. இறைச்சிக் கடைகளுக்குப் பாத்திரம் எடுத்துச் சென்றார்கள். ஆனால் 2020இல் கொரோனா நோய் பரவியபோது, பிறர் கைபட்ட பாத்திரத்தைத் தொட மக்கள் அஞ்சினார்கள். கண்காணிப்பும் தளர்ந்தது. விரட்டப்பட்ட பை கொல்லைப்புற வழியாக மறுபடி உள்ளே வந்துவிட்டது. சட்டம் கதவைச் சாத்தும். கதவைச் சாத்தியே வைத்திருப்பது மக்களின் வேலை. இதை உணர்ந்துதான் 2021 டிசம்பர் 23ஆம் நாள் முதலமைச்சர் திரு. மு.க. ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். 2022 ஜூன் மாதம் சென்னை கோயம்பேடு சந்தையில், பத்து ரூபாய் நாணயம் போட்டால் ஒரு துணிப்பை தரும் இயந்திரம் வைக்கப்பட்டது. பிறகு வேறு பல இடங்களுக்கும் அது பரவியது.

கடைக்காரர்கள் சொல்வது என்ன?

இயக்கத்தைப் பற்றிப் படித்தால் மட்டும் போதாது, கடைவீதியில் கேட்டும் பார்ப்போம் என்று எங்கள் வகுப்பில் சிலர் சேர்ந்து முடிவு செய்தோம். ஒரு சனிக்கிழமை மாலையில் மளிகைக் கடை, பூக்கடை, தேநீர்க் கடை என்று ஏறி இறங்கினோம்.

மளிகைக் கடை அண்ணாச்சி எங்களைக் கண்டதும் சிரித்தார். “எனக்கென்ன பாப்பா, கவர் கொடுக்கணும்னு ஆசையா? அதுவும் நான் காசு போட்டு வாங்குறதுதானே. ஆனா நான் இல்லைன்னு சொன்னா, எதிர்த்த கடையில கொடுக்கிறான்னு எழுந்து போயிடுவாங்க. எல்லாரும் ஒண்ணா நிறுத்தினா நானும் சந்தோஷமா நிறுத்திடுவேன்” என்றார்.

பூ விற்கும் அம்மா வேறு விதமாகச் சொன்னார். “முன்னெல்லாம் இலையிலதாம்மா கட்டிக் கொடுத்தோம். இப்ப இலை வாங்கவும் காசு, அதைக் கிழிச்சு நார் போட்டுக் கட்டவும் நேரம். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல யாரு நிக்கிறா?” தேநீர்க் கடையிலோ, கொதிக்கும் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுப்பதை எங்கள் கண்ணாலேயே கண்டோம். “வாளி கொண்டு வந்தா ஒரு கரண்டி கூடவே ஊத்துவேன், யாரும் கொண்டு வர்றதில்லையே” என்று அந்தக் கடைக்காரர் வருத்தப்பட்டார்.

இம்மூவரின் பேச்சிலிருந்து நாங்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டோம். இவர்களில் ஒருவரும் பிளாஸ்டிக்கை விரும்பிக் கொடுக்கவில்லை. தான் மட்டும் நிறுத்தினால் தனக்கு மட்டும் நட்டம் என்ற அச்சமே காரணம். சிறு வியாபாரிக்கு ஒரு வாடிக்கையாளர் போவது என்றால் அன்றைய அடுப்பு எரிவதில் குறை விழுவதாகும். ஆகையால் நல்ல மனமுள்ள ஒரு கடைக்காரரைத் தேடிப் பிடித்துப் பாராட்டுவதால் பயனில்லை. ஒரு வீதியிலுள்ள எல்லாக் கடைகளும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும். அப்போது எவருக்கும் நட்டமில்லை. எல்லாருக்கும் பை வாங்கும் செலவு மிச்சம். வணிகர் சங்கங்கள் இவ்வகை இயக்கங்களில் சேர வேண்டியது இதற்காகத்தான். ‘ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்’ என்று பெரியோர் சொல்வது இங்கே முற்றிலும் பொருந்துகிறது அல்லவா?

பை கொடுத்தால் போதுமா?

கடைகள் பிளாஸ்டிக்கை நிறுத்தித் துணிப்பை கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. பருத்தியை விளைவிக்கத் தண்ணீர் வேண்டும். நூற்கவும் நெய்யவும் சாயமேற்றவும் மின்சாரமும் எரிபொருளும் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டுக் காட்டியது. புவி வெப்பமாதலை மட்டும் அளவாகக் கொண்டால், ஒரே ஒரு முறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாவதற்கு, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று அது கூறுகிறது.

வாரம் இரண்டு முறை சந்தைக்கு ஒரே பையை எடுத்துச் சென்றால், 131 முறை ஆவதற்கு ஓராண்டும் மூன்று மாதங்களும் ஆகும். பசு விழுங்குவதையும் சாக்கடை அடைவதையும் அந்தக் கணக்கு சேர்க்கவில்லை. அவற்றையும் சேர்த்தால் பிளாஸ்டிக்கின் நிலைமை இன்னும் மோசமாகும். ஆனாலும் பாடம் தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு விழாவிலும் ஒரு துணிப்பை வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்தால் நாம் உலகத்துக்கு நன்மை செய்யவில்லை; இன்னொரு வகைக் குப்பையைச் சேர்க்கிறோம்.

அப்படியானால் இயக்கத்தின் பெயரில் முக்கியமான சொல் எது? ‘மஞ்சப்பை’ அன்று; ‘மீண்டும்’ என்பதே. பை கடைக்கு மீண்டும் மீண்டும் போய் வர வேண்டும். புதிதாக வாங்காமல், வீட்டிலுள்ள பழைய வேட்டியிலும் சேலையிலும் தைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அந்தத் துணி ஏற்கெனவே நெய்யப்பட்டு, உடுத்தி உழைத்தது. அதற்குப் புதிதாகப் பருத்தி விளைவிக்க வேண்டியதில்லை.

ரேஷன் கடையில் நாம் மறப்பதில்லை

“பை எடுத்துப் போக மறந்துவிடுகிறதே, என்ன செய்வது?” என்று எல்லாரும் கேட்கிறார்கள். நாங்கள் இதைப் பற்றி வகுப்பில் வாதிட்டபோது ஒரு தோழி ஒரு கேள்வி கேட்டாள்: “ரேஷன் கடைக்குப் பை எடுத்துப் போக உங்கள் வீட்டில் யாராவது மறந்ததுண்டா?” எல்லாரும் வாயடைத்துப் போனோம். அரிசிக்கு ஒரு பை, சர்க்கரைக்கு ஒரு பை, எண்ணெய் வாங்கினால் அதற்கென ஒரு கூடை என்று முதல் நாளே எடுத்து வைத்துவிடுகிறார்கள். ரேஷன் கடையில் பை கொடுக்க மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கிடைக்காது என்று தெரிந்தால் மறதி வருவதில்லை. ஆகவே மறதி நம் பிறவிக் குணம் அன்று. இனாமாகப் பை கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் நம்மை மறக்கச் செய்கிறது.

இதே உண்மையை நாடு முழுவதற்கும் பயன்படுத்திக் காட்டியது அயர்லாந்து. நமக்குப் பழக்கமான நாடுதான். 1842இல் சென்னைக்கு வந்து பெண்கல்விக்குப் பாடுபட்ட பிரசன்டேஷன் சபைச் சகோதரிகள் அங்கிருந்தே வந்தார்கள். அந்நாட்டு அரசு 2002 மார்ச்சில், கடையில் வாங்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் 15 சென்ட் வரி விதித்தது. அதைக் கடைக்காரர் தம் கையிலிருந்து கட்டக்கூடாது. வாங்குபவரிடமே பெற வேண்டும். எல்லாக் கடைக்கும் ஒரே விதி என்பதால் எந்தக் கடைக்காரருக்கும் நட்டமில்லை. அதற்கு முன் ஆண்டுக்கு ஒருவருக்கு 328 பைகள் என்றிருந்த கணக்கு, 21 ஆகக் குறைந்தது. பிறகு சில ஆண்டுகளில் பழக்கம் சற்றே தளர்ந்து எண்ணிக்கை ஏறத் தொடங்கியதும், 2007இல் வரியை 22 சென்ட் ஆக்கினார்கள். சிறிய தொகைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ‘பை வேண்டுமா?’ என்று கேட்டு, அதற்குக் காசு கொடுக்க நேர்ந்ததால், மக்கள் ஒரு கணம் நின்று யோசித்தார்கள்.

திரும்பி வரும் பாட்டில்

பையைப் போலவே பாட்டிலையும் திரும்பி வரச் செய்யலாம். நம் ஊர்க் கோலி சோடாவைப் பாருங்கள். கழுத்தில் கோலிக்குண்டு அடைத்த அந்தப் பாட்டிலை 1872இல் வடிவமைத்தவர் ஹிரம் காட் என்ற ஆங்கிலேயர். பாட்டிலின் மதிப்பு உள்ளே இருக்கும் சோடாவை விடப் பெரிது. ஆகவே கடையிலேயே நின்று குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காலிப் பாட்டில்கள் மரப்பெட்டியில் சேர்ந்து சோடாக் கம்பெனிக்குப் போகும். கழுவி நிரப்பி மறுநாள் வரும். இதற்காக எவரும் ஊர்வலம் நடத்தவில்லை. பாட்டில் திரும்பி வந்தால்தான் வியாபாரம் நடக்கும் என்ற ஏற்பாடே போதுமானதாக இருந்தது.

இதே ஏற்பாடு அண்மையில் நீலகிரியில் வேறொரு வடிவில் வந்தது. அங்குள்ள காடுகளில் காலி மதுப் பாட்டில்களை எறிந்து உடைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கண்ணாடிச் சில்லுகள் யானை முதலிய விலங்குகளின் கால்களைக் கிழித்துப் புண்ணாக்குகின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி, 2022 மே மாதம் முதல் அம்மாவட்ட மதுக்கடைகளில் ஒரு பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டு வந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. எறிந்தவர்களே எடுத்து வரத் தொடங்கினார்கள். அவர்கள் எடுக்காவிட்டால் வேறு யாராவது பொறுக்கிக் கொண்டு வந்து காசாக்கினார்கள். பின்னர் இம்முறை மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாகச் சென்றது. பள்ளி இதழில் மதுக்கடையைப் பற்றியா எழுதுவது என்று பெரியோர்கள் முகம் சுளிக்க வேண்டாம். மதுவே இல்லாத ஊர்தான் நல்ல ஊர் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயினும் யானையின் காலைக் காப்பாற்றிய ஏற்பாடு எங்கிருந்து வந்தாலும் அதிலிருந்து பாடம் கற்கலாம் அன்றோ?

ஒரு ரூபாய்ப் பாக்கெட்

ஆனால் எல்லாக் குப்பையையும் வாங்குபவரும் கடைக்காரரும் மட்டுமே குறைத்துவிட முடியாது. பெட்டிக் கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். இந்தச் சிறு பாக்கெட் முறையை நம் நாட்டில் பரப்பியவர்களில் முன்னோடி, கடலூரைச் சேர்ந்த திரு. சின்னி கிருஷ்ணன். பெரிய பாட்டில் வாங்க முடியாத ஏழைக் குடும்பமும் சில்லறைக் காசில் வாங்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அது நல்ல நோக்கமே. அன்றாடக் கூலியில் வாழும் ஒரு தாய்க்குப் பெரிய பாட்டில் வாங்கச் சொல்லி அறிவுரை கூறுவது எளிது. அதற்கான பணத்தை யார் கொடுப்பது?

குறை பாக்கெட்டின் உடலில் இருக்கிறது. ஈரமும் காற்றும் புகாமல் இருக்கப் பல வகைத் தாள்களை அடுக்கடுக்காக ஒட்டி அதைச் செய்கிறார்கள். ஒன்றோடொன்று ஒட்டியவற்றைப் பிரிப்பது கடினம் என்பதால் பழைய சாமான் கடைக்காரரும் அதை வாங்குவதில்லை. பாட்டிலையும் அட்டைப் பெட்டியையும் தேடி எடுக்கும் குப்பை பொறுக்குவோர், இந்தப் பாக்கெட்டைத் தொடாமல் விட்டுச் செல்வதை நீங்களே காணலாம். விலை இல்லாத குப்பைக்கு ஆளும் இல்லை.

இதனால்தான், தாங்கள் சந்தைக்கு அனுப்பும் உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கே உண்டு என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் கூறின. அதை எவ்வாறு நிறைவேற்ற வேண்டும் என்ற விரிவான நெறிமுறைகள் 2022 பிப்ரவரியில் வந்தன. பெரிய கம்பெனிகள் இயக்கத்தில் சேர்வது என்றால் மேடையில் பதாகை பிடிப்பதன்று. தங்கள் உறை திரும்பி வருவதற்கு வழி செய்வதாகும். பை, பாட்டில், பாக்கெட் மூன்றுக்கும் அளவுகோல் ஒன்றே: போனது திரும்பி வருகிறதா?

பள்ளியும் ஊரும்

இனி நாம் என்ன செய்யலாம்? ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தைச் சேர்ந்த ஒரு கடற்கரை ஊரில், 2013இல் இரண்டு பெண்கள் ஓர் எளிய முயற்சியைத் தொடங்கினார்கள். ஊரார் கூடிப் பழைய துணிகளில் பைகள் தைப்பார்கள். அவற்றைக் கடைகளில் வைப்பார்கள். பை மறந்து வந்தவர் ஒன்றை இரவலாக எடுத்துச் சென்று, அடுத்த முறை வரும்போது திருப்பி வைக்க வேண்டும். எறிந்தால் கைக்கே திரும்பி வரும் ‘பூமராங்’ என்ற வளைதடியின் பெயரையே அந்தப் பைகளுக்கு வைத்தார்கள். அந்த முயற்சி பிறகு பல ஊர்களுக்கும் பரவியது. இதில் தைப்பவர் ஊரார். இடம் தருபவர் கடைக்காரர். திருப்பி வைப்பவர் வாடிக்கையாளர். மூவரில் ஒருவர் கைவிட்டாலும் முயற்சி நின்றுவிடும்.

இது நமக்கு இயலாத காரியமா? நம் பள்ளியில் தையல் வகுப்பு இருக்கிறது. ஆண்டுதோறும் குட்டையாகிப் போன சீருடைப் பாவாடைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன. கைக்குட்டையில் பூ வேலை செய்து பழகும் நாம், அதே நேரத்தில் ஆளுக்கு இரண்டு பைகள் தைக்கலாம். பள்ளிக்கு எதிரேயுள்ள வீதியில் சில கடைகளில் அவற்றை வைக்கலாம். எங்கள் எண்ணத்தைக் கேட்ட மளிகைக் கடை அண்ணாச்சி, “ஆணி அடிச்சு மாட்டிக்க இடம் தர்றேன், பை திரும்பி வருமான்னு மட்டும் நீங்க பாத்துக்குங்க” என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வரச் செய்வதுதான் கடினமான பகுதி என்று அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பிளாஸ்டிக்கைக் கைவிட்ட சிறந்த மூன்று பள்ளிகள், மூன்று கல்லூரிகள், மூன்று வணிக நிறுவனங்களுக்கு முறையே 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம் ரூபாய் பரிசளிக்கும் ‘மஞ்சப்பை விருது’களைத் தமிழக அரசு அறிவித்தது. பள்ளியையும் கடையையும் ஒரே வரிசையில் வைத்து அரசு போட்டி நடத்துவது நல்ல செயல். ஆயினும் பரிசுக்காக ஓர் ஆண்டு உழைத்துவிட்டு மறு ஆண்டு மறந்துவிட்டால் அது தேர்வுக்கு மட்டும் படிக்கும் படிப்பைப் போல் ஆகிவிடும்.

பெற்றோர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. வீட்டு வாசற்கதவின் பின்புறம் ஓர் ஆணி அடித்து அதில் இரண்டு பைகளை மாட்டி வையுங்கள். செருப்பை மாட்டும்போது பை கண்ணில் படும். தேநீர் வாங்க அனுப்பும்போது எங்கள் கையில் தூக்குவாளியைக் கொடுத்தனுப்புங்கள். தோழியர் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற கூச்சம் எங்களில் சிலருக்கு இருக்கிறது என்பது உண்மைதான். ஒருத்தி தூக்கினால் கூச்சம். ஒரு வகுப்பே தூக்கினால் அதுவே வழக்கம். கடைக்காரர்களுக்கு நாங்கள் சொன்ன அதே நியாயம் எங்களுக்கும் பொருந்தும்.

நம் ஊர்த் தெருக்களை விடியுமுன் வந்து பெருக்கிச் செல்லும் தூய்மைப் பணியாளர்களின் முகத்தைக்கூட நம்மில் பலர் பார்த்ததில்லை. நாம் தூங்கும்போது வந்து, நாம் எறிந்ததை அவர்கள் குனிந்து எடுக்கிறார்கள். ஒரு பையை நாம் வாங்காமல் விட்டால், அவர்கள் ஒரு முறை குனிவது குறையும். வருகின்ற கல்வியாண்டில், வீதிக் கடைகளில் நாம் தொங்கவிடப் போகும் பைகள் எத்தனை, திரும்பி வந்தவை எத்தனை என்று மாதந்தோறும் எண்ணிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதலாம் என்று எங்கள் வகுப்பு முடிவு செய்திருக்கிறது. இளைய வகுப்புத் தங்கைகளே, நாங்கள் பள்ளியை விட்டுச் சென்ற பிறகு அந்தக் கணக்கை நிறுத்திவிடாமல் எழுதி வருவது உங்கள் பொறுப்பு.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி